உங்களுக்குத் தெரியுமா? ஐந்தரை மணி நேரம் எங்கே போகிறது?

ஒரே கணினியில் லினக்ஸும் விண்டோஸும் வைத்திருப்பவர்கள், காலை 10 மணிக்கு விண்டோஸ் 4.30 என்று காட்டினால் மதர்போர்டு பேட்டரியை மாற்றிப் பார்க்கிறார்கள். வீண் செலவு. பேட்டரி தீர்ந்தால் தேதியே பல வருடம் பின்னால் போய்விடும். ஒவ்வொரு முறையும் சரியாக ஐந்தரை மணி நேரம் மட்டும் குறையாது. அந்த ஐந்தரை மணி நேரம் இந்திய, இலங்கை நேரத்துக்கும் உலகப் பொது நேரத்துக்கும் உள்ள இடைவெளி. மதர்போர்டுக் கடிகாரத்தில் லினக்ஸ் பொது நேரத்தை எழுதி வைக்கிறது. பழைய டாஸ் வழக்கப்படி விண்டோஸ் அதை உள்ளூர் நேரமாகவே படிக்கிறது.

விண்டோஸ் முறைதானே எளிது என்று கேட்கலாம். கோடை முடிந்து கடிகாரத்தைப் பின்னால் திருப்பும் நாடுகளில் ஒரே மணி இருமுறை வரும். எது முதலாவது என்று உள்ளூர் நேரம் சொல்லாது. அந்தச் சிக்கல் நமக்கு இல்லை என்பதால் லினக்ஸை உள்ளூர் நேரத்துக்கு மாற்றினாலும் பெரிய தீங்கில்லை. ஆனாலும் ரெஜிஸ்ட்ரியில் ஒரு மதிப்பைச் சேர்த்து விண்டோஸைப் பொது நேரத்துக்குக் கொண்டுவருவதே சரி.