வெயில் கணக்கு – 9: பட்டம் தப்பிய வயல்

2015இல் பாரிஸில் கூடிய நாடுகள், தொழிற்புரட்சிக்கு முந்தைய நிலையைவிட 1.5 டிகிரி செல்சியஸுக்கு மேல் பூமி சூடாகாமல் தடுக்க முயல்வதாக ஒப்புக்கொண்டதையும், 2024ஆம் ஆண்டின் சராசரி அந்தக் கோட்டைத் தாண்டியதையும் சென்ற வாரம் பார்த்தோம். அதைப் படித்துவிட்டு நண்பர் ஒருவர் கேட்டார்: “எல்லாம் சரிதான், இதுல உனக்கு என்னய்யா இவ்வளவு அக்கறை?”

நியாயமான கேள்வி. ஒன்றரை டிகிரிக்காக யாருக்கும் தூக்கம் கெடாது, எனக்கும்தான். எனக்குத் தூக்கம் கெடுவது நெல்லை நினைத்து.

தஞ்சாவூர் மாவட்டத்தில் கல்லணைக் கால்வாயின் கடைமடை எங்கள் ஊர். அப்பாவிடமிருந்து எனக்கு வந்த சொத்து பட்டாவில் உள்ள நிலம் மட்டுமல்ல. எந்த மாதம் எதைச் செய்வது என்ற கணக்கும் கூடத்தான். ஆவணியில் நாற்று விட வேண்டும். ஐப்பசி அடைமழை பிடிப்பதற்குள் பயிர் தூர் கட்டியிருக்க வேண்டும். மார்கழிப் பனியில் கதிர் வாங்கி, பால் பிடித்து, மணி முற்ற வேண்டும். தை பிறந்ததும் தண்ணீரை வடித்து, வயலைக் காயவிட்டு அறுப்பு. மழை நெல்லுக்கு வேண்டிய நாளில் வந்து, வேண்டாத நாளில் விலகிக்கொள்ளும் என்ற நம்பிக்கையில் கட்டிய கணக்கு இது. பல தலைமுறை பட்டுத் தெரிந்துகொண்டது.

2021 ஜனவரியில் அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டது. பொங்கலை ஒட்டி டெல்டா முழுக்கக் கொட்டிய மழையில் முற்றிய சம்பா தண்ணீரில் சாய்ந்தது. பல இடங்களில் கதிரிலிருந்தபடியே நெல் முளைவிட்டது. 2023 பிப்ரவரி முதல் வாரம் மறுபடியும் அறுவடை நேரத்து மழை. தமிழக அரசு ஹெக்டேருக்கு 20,000 ரூபாய் நிவாரணம் அறிவித்தது. கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. மழை பெய்த பருவங்களில் அதை 22 ஆகத் தளர்த்தக் கேட்டு மாநில அரசு டெல்லிக்குக் கடிதம் எழுதுவதும், மத்தியக் குழு வந்து நெல் மாதிரி எடுத்துப் போவதும் வழக்கமாகிவிட்டன. “எந்த மாசத்த நம்பி வெதைக்கிறது தம்பி?” என்று அப்பா கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

ஒரு தை மழையைக் காட்டி, இது புவி வெப்பமயமாதலால்தான் வந்தது என்று அடித்துச் சொல்ல முடியாது. முன்பும் பருவம் தப்பிப் பெய்ததுண்டு. ஆனால் காற்று ஒரு டிகிரி சூடானால் சுமார் 7 சதவீதம் கூடுதலாக ஈரத்தைத் தாங்கும் என்பது பௌதிகம். கடலும் சூடேறுவதால் அந்த ஈரத்துக்குப் பஞ்சமில்லை. எனவே பெய்யும்போது கொட்டித் தீர்க்கும் வாய்ப்பு கூடுகிறது.

மழையாவது கண்ணுக்குத் தெரிகிறது. இரவுப் புழுக்கம் செய்யும் நஷ்டம் தெரிவதில்லை. பகலில் வெயிலை வைத்துச் சேர்த்த மாவுச்சத்தில் ஒரு பகுதியைப் பயிர் இரவில் சுவாசித்துச் செலவழிக்கிறது. இரவு சூடானால் செலவு கூடும். மணியில் சேர்வது குறையும். பிலிப்பைன்ஸின் லாஸ் பனோஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் 2004இல் வெளியிட்ட ஆய்வில், வறண்ட பருவத்தில் இரவு வெப்பம் ஒரு டிகிரி உயர்ந்தபோது மகசூல் சுமார் 10 சதவீதம் குறைந்தது தெரியவந்தது. உரம் போட்டும் தண்ணீர் கட்டியும் விளைச்சல் காணவில்லையே என்று புலம்புகிறவர்கள், விதையையும் கடைக்காரரையும் திட்டுவதோடு இரவுச் சூட்டையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

நெல் கைவிட்டால் தென்னை என்றுதான் பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் பலர் மாறினார்கள். காவிரித் தண்ணீர் வந்து சேராத ஆண்டுகளில் தென்னை சோறு போட்டது. மகள் கல்யாணத்தையும் மகன் படிப்பையும் நடத்திக் கொடுத்தது. 2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த கஜா புயல் அந்தத் தோப்புகளை வேரோடு சாய்த்துவிட்டுப் போனது. நெட்டைத் தென்னை காய்ப்புக்கு வர ஆறேழு ஆண்டுகள் வேண்டும். வாங்கிய கடனுக்கு வட்டி அதுவரை காத்திருக்காது.

பாதிக்கப்பட்டவன் என்று மட்டும் சொல்லி நான் ஒதுங்கவும் முடியாது. தண்ணீர் தேங்கிய நெல்வயல் மீத்தேனை வெளியிடுகிறது. மனிதச் செயல்களால் காற்றில் கலக்கும் மீத்தேனில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு நெல்வயலிலிருந்து வருவது. கட்டிய தண்ணீர் வடிந்தபின் மறுதண்ணீர் விடும் ‘காய்ச்சலும் பாய்ச்சலும்’ முறையில் இதைப் பாதியளவுவரை குறைக்கலாம், தண்ணீரும் மிச்சம். ஆனால் மறுதண்ணீர் எப்போது வரும் என்று தெரியாத கடைமடைக்காரன் வயலைக் காயவிடத் துணிவானா? முறை வைத்துச் சொன்ன நாளில் தண்ணீர் வந்து சேர்ந்தால் துணிவான். ஆகவே வாய்க்கால் தூர்வாருவதும் என்னைப் பொறுத்தவரை காலநிலை நடவடிக்கைதான்.

நண்பருக்கு என் பதில் இதுதான். நிலத்தைப் பிள்ளைக்கு எழுதி வைக்கலாம், பத்திரம் போதும். எந்த மாதம் மழை, எந்த மாதம் வெயில் என்ற கணக்கைப் பத்திரத்தில் எழுதி வைக்க முடியாது. அது இல்லாத நிலம் பாதிச் சொத்துதான்.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் விதைப்பு, மழை, அறுப்பு அந்தக் காலத்தில் எந்தெந்த வாரம் என்று கேட்டு எழுதி வையுங்கள். பக்கத்தில் இந்த ஆண்டின் தேதிகளையும் குறியுங்கள். அடுத்த கிராம சபையில் அந்தத் தாளோடு எழுந்து நின்று பேசுங்கள்.

(தொடரும்)