சயாமுக்குப் போன சிறுவர்கள்

இன்று நம் பிள்ளைகளுக்குச் சயாம் என்றால் ஹட்யாய், பேங்காக், மூன்று நாள் சுற்றுலா. தோட்டப்புறத்தில் வாழ்ந்த நம் தாத்தா பாட்டிகளுக்கு அந்தச் சொல்லுக்கு ஒரே பொருள்தான் இருந்தது. "அவரு சயாமுக்குப் போனவரு" என்று யாரையாவது சொன்னால், அந்த இடத்தில் கொஞ்ச நேரம் பேச்சு நின்றுவிடும்.

ஹிட்லரின் வதைமுகாம்களைப் பற்றி நம் இளைஞர்களுக்கு நன்றாகவே தெரியும். படம் பார்த்திருப்பார்கள், ஆன் ஃபிராங்கின் நாட்குறிப்பைப் படித்திருப்பார்கள். எலி வீசல் என்ற யூதச் சிறுவன் 1944-இல் குடும்பத்தோடு அவுஷ்விட்ஸ் முகாமுக்குக் கொண்டுபோகப்பட்டபோது அவனுக்கு வயது 15. உயிர் பிழைத்தான், வளர்ந்து, கண்டதையெல்லாம் எழுதினான். 1986-இல் அமைதிக்கான நோபல் பரிசும் பெற்றான்.

அதே ஆண்டுகளில், அதே வயதில், நம் தோட்டங்களிலிருந்தும் பையன்கள் சரக்கு ரயில் பெட்டிகளில் ஏற்றப்பட்டார்கள். இரண்டும் ஒன்றல்ல. ஓர் இனத்தையே அழிப்பதற்காகத் திட்டமிட்டு 60 லட்சம் யூதர்களைக் கொன்றது நாஜி ஆட்சி. ஜப்பானியருக்கு வேண்டியிருந்ததோ தண்டவாளம். அதைப் போடுகிற கைகள் செத்தால் வேறு கைகளைக் கொண்டுவரலாம் என்ற கணக்கு அவர்களுடையது. ஆனாலும், பெட்டிக்குள் நெருக்கி நிறுத்தப்பட்ட 15 வயதுப் பையனின் பயத்தில் என்ன வேறுபாடு இருந்திருக்கும்?

*415 கிலோமீட்டர்*

கோலாலம்பூர் 1942 ஜனவரியிலும் சிங்கப்பூர் பிப்ரவரியிலும் ஜப்பானியர் கையில் விழுந்தன. பர்மாவில் இருந்த தங்கள் படைக்கு அவர்கள் ஆயுதமும் உணவும் அனுப்ப வேண்டியிருந்தது. கடல் வழியில் நேச நாட்டு நீர்மூழ்கிக் கப்பல்களின் அச்சுறுத்தல். அதனால் தாய்லாந்தின் பான் போங்கிலிருந்து பர்மாவின் தன்பியூசயாட் வரை, மலையையும் காட்டையும் வெட்டி 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட முடிவெடுத்தார்கள். 1942-இன் நடுவில் தொடங்கிய வேலை 1943 அக்டோபரில் முடிந்தது.

இங்கே, ரப்பர் ஏற்றுமதி நின்றுபோனதால் தோட்டங்களில் வேலை இல்லை. அரிசி இல்லை, மரவள்ளிக் கிழங்குதான் சோறு. அந்த நேரத்தில் நல்ல சம்பளம், சில மாத வேலை, சாப்பாடு என்று ஆசை காட்டி ஆள் எடுத்தார்கள். போனவர்கள் திரும்பி வரவில்லை என்றதும் யாரும் தானாக முன்வரவில்லை. பிறகு லாரியோடு தோட்டத்துக்கே வந்து பிடித்தார்கள். இலவசப் படம் காட்டுகிறோம் என்று கூட்டம் சேர்த்துக் கதவை அடைத்து அள்ளிப்போன கதைகளும் உண்டு.

மலாயாவிலிருந்து மட்டும் 75,000-க்கும் மேற்பட்டோர் போனார்கள். பெரும்பாலோர் தோட்டத் தமிழர்கள்.

*மூங்கில் வெடிக்கும் சத்தம்*

வானொலியில் மூத்தவர்களின் நினைவுகளைப் பதிவு செய்யும் ஒரு தொடருக்காக அண்மையில் கேரி தீவுக்குப் போயிருந்தேன். தெலுக் பங்லிமா காராங் தாண்டி, பாலம் கடந்தால் கண்ணுக்கெட்டிய வரை செம்பனை. அங்கு என்னிடம் பேசியவர் எழுபதைக் கடந்த ஓய்வுபெற்ற தோட்டத் தொழிலாளி. சயாமுக்குப் போனவர் அவருடைய அப்பா.

"வீட்டுக்கு ஓர் ஆளுன்னு கேட்டிருக்காங்கம்மா. எங்க தாத்தாவுக்கு அப்போ மலேரியாக் காய்ச்சல், எழுந்திரிக்க முடியல. 'நான் போறேன்'னு எங்கப்பா லாரியில ஏறிட்டாரு. மீசைகூட முளைக்காத வயசு."

ரயிலில் நாட்கணக்காகப் பயணம். இறங்கியபின் காட்டுக்குள் நடை. அதற்குமேல் அப்பா விவரமாகச் சொன்னதில்லை என்றார். ஆனால் ஒன்று மட்டும் பிள்ளைகளுக்குத் தெரியும். அடுப்பில் யாராவது மூங்கிலை வைத்து எரித்து, அதன் கணு வெடித்துச் சத்தம் வந்தால், அப்பா எழுந்து வெளியே போய்விடுவார். "ஏன்னு ரொம்ப நாள் எங்களுக்குப் புரியல. கடைசி காலத்துலதான் அம்மாகிட்ட சொன்னாராம். காலரா வந்தப்போ பொணத்தையெல்லாம் மூங்கிலைப் போட்டு எரிக்கச் சொன்னாங்களாம். அடுக்குனது, கொளுத்துனது எல்லாம் இவருதான்."

போர் முடிந்து அவர் திரும்பியபோது வீட்டில் கருமாதியே முடிந்திருந்ததாம். வாசலில் நின்றவனை அவருடைய அம்மாவுக்கு அடையாளம் தெரியவில்லை. "காலுல புண்ணு ஆறின தழும்பைத் தொட்டுத் தொட்டுப் பார்த்து, 'எம் புள்ளதானா'ன்னு கேட்டுக்கிட்டே இருந்திச்சாம் பாட்டி."

*பெயர் இல்லாதவர்கள்*

1943 மழைக்காலத்தில்தான் காலரா முகாம் முகாமாகப் பரவியது. மலேரியா, வயிற்றுப்போக்கு, எலும்பு தெரியும் அளவுக்குப் புரையோடிய புண்கள் வேறு. போர்க்கைதிகளாக வந்த ஆங்கிலேய, ஆஸ்திரேலிய, டச்சு வீரர்களும் இதே கொடுமையை அனுபவித்தார்கள். 60,000-க்கும் மேற்பட்ட கைதிகளில் 12,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஆனால் அவர்களோடு அவர்களுடைய மருத்துவர்கள் இருந்தார்கள், அதிகாரிகள் இருந்தார்கள், பெயர்ப் பட்டியலும் இருந்தது. காஞ்சனபுரி போர்க் கல்லறையில் இன்று சுமார் 7,000 பேருக்கு வரிசை வரிசையாகக் கற்கள் நிற்கின்றன.

ஆசியத் தொழிலாளர்களில் இறந்தவர்கள் சுமார் 90,000 என்பது பரவலான மதிப்பீடு. அவர்களுக்குத் தனித்தனிக் கல்லறை இல்லை. பெரும்பாலோரின் பெயர்கூட எங்கும் இல்லை. 1957-இல் வெளிவந்து ஏழு ஆஸ்கார் விருதுகளை வென்ற 'தி பிரிட்ஜ் ஆன் த ரிவர் குவாய்' படத்தைப் பார்த்தவர்கள், அந்தப் பாதையை வெள்ளைக்காரக் கைதிகள் மட்டுமே போட்டதாகத்தான் நினைப்பார்கள்.

நம்மவர்கள் சும்மா இருக்கவில்லை. ஆர். சண்முகம் 'சயாம் மரண ரயில்' நாவலையும், அ. ரெங்கசாமி 'நினைவுச் சின்னம்' நாவலையும் எழுதினார்கள். ஆவணப்படம் எடுத்த இளைஞர்கள் இருக்கிறார்கள். காஞ்சனபுரியில் உள்ள ஒரு புத்த ஆலயத்தில், இறந்த தமிழர்களுக்காக 2023-இல் ஒரு நடுகல் எழுப்பப்பட்டது. எண்பது ஆண்டுகள் கழித்து!

சயாம் போய்த் திரும்பியவர்களில் இன்று உயிரோடு இருப்பவர்கள் மிக மிகச் சிலர். நமக்கு மிஞ்சியிருப்பது அவர்களுடைய பிள்ளைகளின் நினைவு. அவர்களுக்கும் எழுபது, எண்பது வயதாகிறது. கிள்ளானிலும் பந்திங்கிலும் பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடியிலும் அவர்கள் நம்மோடுதான் இருக்கிறார்கள்.

அடுத்த முறை அவர்களைப் பார்க்கப் போகும்போது கைப்பேசியில் ஒலிப்பதிவை அழுத்தி மேசைமேல் வையுங்கள். போனவர் பெயர் என்ன, அவருடைய அப்பா பெயர் என்ன, எந்தத் தோட்டம், அப்போது என்ன வயது, யாரோடு போனார், திரும்பினாரா என்று கேளுங்கள். பெரியவர் அழுதால் கொஞ்சம் பொறுங்கள், தண்ணீர் கொடுங்கள், பேச விரும்பினால் தொடருங்கள். கேட்டதை அன்று இரவே தேதி போட்டு எழுதி வைத்துவிடுங்கள்.

கேரி தீவுப் பெரியவர் விடைபெறும்போது என் குறிப்பேட்டை வாங்கி, தன் அப்பாவின் பெயரைத் தானே எழுதினார். கீழே இன்னும் இரண்டு பெயர்கள். "இவங்க அப்பாகூட ஒரே லாரியில போனவங்கம்மா. திரும்பி வரல. சொந்தக்காரங்க யாராச்சும் இருந்தா ரேடியோவுல கேட்டுப் பாருங்க."

வருகிற வாரம் கேட்கப் போகிறேன்.