மேசைமீது ஒரு மாகடல்

சென்ற மாதத்து ஞாயிறு மாலையொன்றில், வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கையொன்றில் வசிக்கும் நண்பர் வீட்டுக்குச் சென்றிருந்தோம். சாப்பாட்டு மேசையில் தேநீர்க் கோப்பை வைக்கவும் இடமில்லை. நீலக் கடதாசி விரித்துக் கட்டம் கீறி, தீப்பெட்டிகளாற் செய்த கப்பல்களை அதில் மிதக்க விட்டிருந்தனர் பிள்ளைகள். அவ்வீட்டுச் சிறுவர் இருவர். கொட்டாஞ்சேனையிலிருந்து வந்த மச்சான்மார் இருவர். மூத்தவனின் கையில் ஓர் அப்பியாசக் கொப்பி. அதன் அட்டையில் "கடற்சட்டங்கள்" என்று எழுதியிருந்தது.

விடயம் இதுதான். மந்திரவாதிகளும் பறவைநாகங்களும் உலவும் கற்பனை உலகொன்றில் ஒவ்வொருவரும் ஒரு பாத்திரத்தை ஏற்று, பகடை உருட்டிக் கதையை நடத்திச் செல்லும் மேசை விளையாட்டு அது. 1974ஆம் ஆண்டில் அமெரிக்கர்களான கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் ஆகிய இருவர் வெளியிட்ட 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' இவ்வகைக்கு முன்னோடி. பிள்ளைகளின் கதை தரையில் நடந்தவரையில் தொல்லையில்லை. வீரர்கள் கப்பலேற விரும்பியதும், கையிலிருந்த சட்டங்கள் அவர்களுக்குப் போதவில்லை. ஆகவே தாமே சட்டம் இயற்ற முனைந்துவிட்டனர்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. மேற்சொன்ன இருவரும் முதன்முதலிற் கூடி உழைத்தது ஒரு கப்பற்போர் விளையாட்டுக்கே. மைக் கார் என்பவரையும் சேர்த்துக்கொண்டு, 1972இல் பாய்க்கப்பற் போருக்கான சட்டநூலொன்றை அவர்கள் வெளியிட்டனர். அவர்களுக்கும் முன்னோர் உளர். ஆங்கிலேயரான பிரெட் ஜேன் 1898இலேயே கடற்போர் விளையாட்டொன்றை வகுத்தார். 1942இல் லிவர்பூல் நகரில் கில்பர்ட் ராபர்ட்ஸ் என்ற கடற்படை அதிகாரி, தரையிற் கட்டம் கீறி, சிறு மரக் கப்பல்களை நகர்த்தி, நீர்மூழ்கிகளை எதிர்க்கும் உபாயங்களை ஆராய்ந்தார். அவருக்குத் துணைநின்றோர் கடற்படையின் இளம் பெண்கள். அங்கே கண்ட உபாயங்கள் மெய்க் கடலில் மாலுமிகளின் உயிரைக் காத்தன. விளையாட்டென்று எள்ளற்க!

காற்றும் கணக்கும்

பிள்ளைகளின் கொப்பியைப் புரட்டினோம். முதற் சட்டம் காற்றைப் பற்றியது. காற்று வரும் திசையை நோக்கி எந்தப் பாய்க்கப்பலும் நேரே செல்லவியலாது. இடமும் வலமுமாக வளைந்து வளைந்தே முன்னேற வேண்டும். ஆகவே, காற்றுக்கு எதிர்க் கட்டத்துள் நுழைதல் கூடாது. காற்றின் திசையைத் தீர்மானிக்க இரண்டு பகடைகள். ஒரு பகடையில் ஆறு எண்களுக்கும் சம வாய்ப்பு. இரண்டைச் சேர்த்து உருட்டினாலோ முப்பத்தாறு வகை விழுக்காடுகளில் ஏழு ஆறு வகையில் வரும். இரண்டும் பன்னிரண்டும் ஒவ்வொரு வகையிலேயே வரும். நடு எண்களுக்குப் பருவக் காற்று, அதாவது ஆடியிற் சோழகம், மார்கழியில் வாடை. இரண்டோ பன்னிரண்டோ விழுந்தாற் புயல். பதினெட்டில் ஒரு வாய்ப்பு. கணித ஆசிரியரும் மெச்சக்கூடிய ஏற்பாடு!

அடுத்தது போர்ச் சட்டம். "மூன்று குண்டு பட்டாற் கப்பல் தாழும்" என்று இளையவன் எழுதியிருந்தான். நாம் திருகோணமலைக் கதையைச் சொன்னோம். 1782 செப்டெம்பர் 3ஆந் திகதி அத்துறைமுகத்துக்கு அப்பால் பிரெஞ்சுத் தளபதி சுப்ரெனும் ஆங்கிலத் தளபதி ஹியூசும் கடும் போர் புரிந்தனர். சுப்ரெனின் கொடிக்கப்பல் தன் பெரிய பாய்மரத்தை இழந்தது. ஆயினும் அச்சமரில் எதிரியின் குண்டினால் ஒரு கப்பலும் தாழவில்லை. மரக்கலம் எளிதில் மூழ்காது. பாயும் மரமும் ஆளும் அழிந்தே அது செயலற்றுப் போகும். இதைக் கேட்டதும் சட்டம் திருந்தியது. ஒவ்வொரு கப்பலுக்கும் உடல், பாய், ஆள் என மூன்று கணக்குகள் ஏற்பட்டன. "ஆள்: 40" என்று எழுதி, அடிபடும்தோறும் கழித்து வந்தனர்.

பாட்டனாரின் கேள்வி

மூலையிற் சாய்மனைக் கதிரையிலிருந்து இவற்றைக் கேட்டுக்கொண்டிருந்தார் பிள்ளைகளின் பாட்டனார். வல்வெட்டித்துறையிற் பிறந்தவர். அவ்வூரில் கட்டப்பட்ட 'அன்னபூரணி அம்மாள்' என்ற பாய்க்கப்பல், ரொபின்சன் என்ற அமெரிக்கர் வாங்கியபின், அவ்வூர் மாலுமிகளுடன் கடல்கள் பல கடந்து, 1938இல் மசாசூசெட்ஸ் மாநிலத்துக் குளொஸ்டர் துறைமுகத்தை அடைந்ததை நாம் அறிவோம். பாட்டனார் அதைச் சொல்லித் தம் ஊர்ப்பெருமை பேசுவாரென்று எதிர்பார்த்தோம். அவரோ வேறொன்று கேட்டார்.

"தம்பி, அந்த நாப்பது பேருக்கும் பேர் இல்லையோ?"

"அது கணக்குத்தானே, அம்மப்பா."

"பேர் எழுது. பேர் இல்லாட்டில் ஆரும் பயப்பிட மாட்டினம்."

1964 டிசம்பரில், தனுஷ்கோடியை அழித்த அதே சூறாவளி நம் வடகடலிலும் வீசியது. அந்நாட்களிற் சரக்கேற்றிப் போன தோணியொன்றில் அவருடைய தமையனார் சென்றிருந்தார். தோணி மீளவில்லை. தாயார் பல காலம் ஒரு கோப்பையில் அவருக்கெனச் சோறு எடுத்து வைத்தாராம். இவ்வளவையும் அவர் நாலைந்து வாக்கியங்களிற் சொல்லி முடித்தார்.

பிள்ளைகள் சிறிது நேரம் பேசவில்லை. பின்னர் கொப்பியில் ஒரு புதுப் பக்கம் திறந்து, தண்டையல் முதற் சமையற்காரன் ஈறாக நாற்பது பெயர் எழுதினர். சுக்கான் பிடிப்பவனின் பெயரைப் பாட்டனாரே சொன்னார். அது யாருடைய பெயரென்று எவரும் கேட்கவில்லை.

பின்னர் ஆட்டம் தொடர்ந்தது. எதிர்க்கரையில் பறவைநாகத்தின் பொற்குவை காத்திருந்தது. காற்றுக்கான பகடை உருண்டது: பன்னிரண்டு! புயல். சற்றுமுன்னர் இதே பிள்ளைகள், "ஆள் போனால் போகட்டும், போவோம்" என்று ஆர்ப்பரித்துப் புறப்பட்டவர்கள். இப்போது மூத்தவன் பெயர்ப் பட்டியலைப் பார்த்தான். "நங்கூரம் போடுவம், நாளைக்குப் பாப்பம்" என்றான். மறுத்தவர் எவருமில்லை. அன்று அக்கப்பல் துறையை விட்டுப் புறப்படவேயில்லை.

வாசகர்களே, அடுத்த விடுமுறையில் உங்கள் வீட்டுப் பிள்ளைகளும் சாப்பாட்டு மேசையைக் கடலாக்கினால் கோபிக்காதீர்கள். தேநீரை வேறிடத்தில் அருந்துங்கள். வீட்டில் முதியவர் ஒருவர் இருப்பாராயின், அவருடைய கதிரையை மேசையருகே இழுத்துப் போடுங்கள். எந்தச் சட்டநூலிலும் அச்சேறாத சட்டமொன்று அவரிடம் இருக்கக்கூடும்.