எல்லைக்கோட்டில் அலறும் கருவி

ஐப்பசி பிறந்தால் கோடியக்கரை நிரம்பிவிடும். வெளியூர் மீனவர்கள் ஃபைபர் படகுகளோடு வந்து, கொட்டகை போட்டு, பங்குனி வரை தங்கித் தொழில் செய்வார்கள். படகுகளில் இப்போது ஜிபிஎஸ் சாதாரணம். மீன் பட்ட இடத்தைப் பாயிண்ட் போட்டு வைத்துக்கொண்டால் மறுநாள் அதே இடத்துக்குப் போய்விடலாம். ஹைதராபாத்தின் இன்காய்ஸ் நிறுவனம், செயற்கைக்கோள் அளக்கும் கடல்மேற்பரப்பு வெப்பத்தையும் பச்சையத்தையும் வைத்து மீன் கூடும் இடங்களைக் கணித்துச் சொல்கிறது. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் ‘ஃபிஷர் ஃபிரெண்ட்’ செயலி இத்தகவலைக் கைபேசிக்குக் கொண்டுவருகிறது. இந்திய-இலங்கைக் கடல் எல்லை நெருங்கினால் எச்சரிக்கவும் செய்கிறது.

அந்த எல்லைக்குக் கடலில் அடையாளமே கிடையாது. 1974 ஒப்பந்தம் ஆறு புள்ளிகளை அட்சரேகை, தீர்க்கரேகையாகச் சொல்லி இணைத்த கோடு அது. திரையில்தான் பார்க்க முடியும். தாண்டினால் இலங்கைக் கடற்படையிடம் பிடிபடலாம், படகு போகலாம், வீட்டில் கடன் மட்டும் மிஞ்சலாம். அலுவலகத்தில் கணினி முன் உட்கார்ந்திருப்பவருக்குக் கருவி மேல் எரிச்சல் வரும், அலுப்பு வரும். இப்படி ஒரு பயம் வராது.

கருவி மேல் மனிதருக்கு உண்டாகும் உணர்ச்சிகளில் அதிகம் ஆராயப்பட்டது நம்பிக்கை. இந்தியாவில் பிறந்த உளவியலாளர் ராஜா பரசுராமனும் விக்டர் ரைலியும் 1997-இல் எழுதிய கட்டுரை இதில் முக்கியமானது. அளவுக்கு மீறி நம்பினால் மனிதர் கண்காணிப்பதை விட்டுவிடுகிறார். வீண் எச்சரிக்கை பெருகினால் கருவியையே ஒதுக்கிவிடுகிறார் என்றார்கள் அவர்கள்.

முதலாவதற்குக் கடலிலேயே சான்று உண்டு. 1995 ஜூனில் பெர்முடாவிலிருந்து பாஸ்டனுக்குக் கிளம்பிய ‘ராயல் மெஜஸ்டி’ பயணிகள் கப்பலில் ஜிபிஎஸ் ஆண்டெனா வயர் கழன்றுவிட்டது. கருவி, வேகத்தையும் திசையையும் வைத்து உத்தேசமாக இடத்தைக் கணக்குப் போடத் தொடங்கியது. திரையில் சின்ன எழுத்தில் அதைச் சொல்லவும் செய்தது, யாரும் கவனிக்கவில்லை. வழியில் வரவேண்டிய மிதவை கண்ணில் படாதபோதும், அதைக் கடந்துவிட்டதாகவே பணியிலிருந்த அதிகாரி கேப்டனிடம் சொன்னார். சுமார் 34 மணி நேரம் அப்படியே ஓடிய கப்பல், 17 மைல் வழி விலகி, நான்டக்கெட் தீவுக்கு அருகே தரைதட்டியது.

கோடியக்கரைப் படகுக்கு இரண்டாவதுதான் பெரிய ஆபத்து என்பேன். ராத்திரி வலையை விட்டு இன்ஜினை நிறுத்தியிருக்கிறார்கள். வலையோடு படகையும் நீரோட்டம் இழுக்கிறது. கருவி அலறுகிறது. வலை முழுக்கத் தண்ணீரில். உடனே கிளம்ப வழியில்லை. அறுத்துவிட்டு வந்தால் முதல் போச்சு. அந்த நேரத்தில் சத்தத்தை அணைக்கக் கை போனால் அதை அலட்சியம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒன்றும் செய்ய முடியாதவரிடம் திரும்பத் திரும்பக் கத்தும் கருவி, பயத்தைத்தான் கூட்டுகிறது.

கோட்டுக்குப் பக்கத்தில் வந்தபின் அலறுவதைவிட, படகு எந்தத் திசையில் எவ்வளவு வேகமாக இழுபடுகிறது என்று பார்த்து, “இப்படியே போனால் இரண்டு மணி நேரத்தில் எல்லை” என்று முன்கூட்டியே தமிழில் வாய்விட்டுச் சொல்லலாம். அதற்கு வேண்டிய கணக்கு இன்றைய கைபேசிக்குள்ளேயே இருக்கிறது. வலையை எப்போது வாங்கத் தொடங்குவது என்பதை மீனவர் பார்த்துக்கொள்வார்.