நடைபாதையிலிருந்து வாடகை வீட்டுக்கு

சென்னை பாரிமுனைப் பகுதியில் சில குடும்பங்களுக்கு இரவு கடையடைத்த பிறகுதான் வீடே கிடைக்கிறது. கடைக்காரர் ஷட்டரை இழுத்துப் பூட்டிவிட்டுப் போகவேண்டும். அதன்பிறகு வாசலைப் பெருக்கிப் பாய் விரிக்கலாம். விடிந்து கடை திறப்பதற்குள் அடுப்பு, பாத்திரம், பிள்ளையின் புத்தகப் பை எல்லாம் மூட்டையாகி மதிலோரம் போய்விட வேண்டும். கழிப்பறைக்கும் குளியலுக்கும் காசு கொடுத்தாக வேண்டும். வயதுக்கு வந்த பெண் இருந்தால் தாய்க்கு இரவெல்லாம் அரைத்தூக்கம்தான். மூன்று தலைமுறையாக ஒரே தெருவோரத்தில் வாழ்கிற குடும்பங்கள் உண்டு. இவர்களைப் பிச்சைக்காரர்கள் என்று நினைப்பது பெரும் அநியாயம். பூக்கட்டுவது, மூட்டை தூக்குவது, மீன்பாடி வண்டி மிதிப்பது என்று நகரத்துக்கு உழைப்பவர்கள் இவர்கள்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் வீடற்றவர்கள் சுமார் 17.7 லட்சம் பேர். அதற்கு முந்தைய ஆண்டு, டெல்லியின் கடுங்குளிரில் வீடற்றோர் பட்ட அவதியைப் பார்த்த உச்ச நீதிமன்றம், பெருநகரங்களில் லட்சம் பேருக்கு ஒரு காப்பகம் வேண்டும் என்றது. அதன்பின் சென்னை மாநகராட்சி, தொண்டு நிறுவனங்களின் துணையோடு ஆண்கள், பெண்கள், சிறுவர்கள், மனநலம் குன்றியோர் எனத் தனித்தனிக் காப்பகங்களை நடத்திவருகிறது. ஆதரவற்று அலைகிற முதியவருக்கும், வீட்டைவிட்டு வந்து நிற்கிற பெண்ணுக்கும் அவை உயிர்காக்கும் இடங்கள்.

ஆனால் தெருவோரக் குடும்பம் அங்கே போவதில்லை. கணவன் ஓர் இடம், மனைவி ஓர் இடம் என்று பிரிந்து படுக்க எந்தக் குடும்பம் சம்மதிக்கும்? பாரிமுனையிலிருந்து வெகு தொலைவில் உள்ள கண்ணகி நகரிலும் பெரும்பாக்கத்திலும் அரசு அடுக்குமாடிக் குடியிருப்புகள் எழுந்தன. ஆனால் விடியற்காலையில் பூக்கடைக்கு வந்து நிற்க வேண்டியவருக்கு அந்தத் தொலைவு பிழைப்பையே பறிக்கும். வீடு கிடைத்தும் பழைய தெருவுக்கே திரும்பியவர்களை நாம் குறை சொல்ல முடியாது.

எனவே நான் உறுதியாகச் சொல்வது, வேலை செய்யும் இடத்துக்குப் பக்கத்தில் வாடகைக்கு ஒரு சின்ன வீடு, இதுதான் தீர்வு. வீடற்ற, மனநலம் பாதித்த பெண்களுக்காக வந்தனா கோபிகுமாரும் வைஷ்ணவி ஜெயக்குமாரும் 1993-இல் சென்னையில் தொடங்கிய ‘தி பேன்யன்’ இதைச் செய்துகாட்டியிருக்கிறது. ‘ஹோம் அகெய்ன்’ என்ற திட்டத்தில், காப்பகத்திலேயே காலம் தள்ளிய பெண்கள் நாலைந்து பேராகச் சேர்ந்து, சாதாரணத் தெருவில் சாதாரண வாடகை வீட்டில் குடியிருக்கிறார்கள். துணைக்கு ஒரு பணியாளர். அவர்களே சமைக்கிறார்கள், கடைக்குப் போகிறார்கள், பக்கத்து வீட்டாரோடு பேசிப் பழகுகிறார்கள். ஆண்டுக்கணக்கில் மனநோயோடு தெருவில் கிடந்தவர்களுக்கே இது கைகூடும் என்றால், நாள்தோறும் உழைத்துச் சம்பாதிக்கும் குடும்பத்துக்குக் கைகூடாதா?

தடை எங்கே? ஒன்று, அட்வான்ஸ். 2019-இல் நடைமுறைக்கு வந்த தமிழக வாடகைச் சட்டம் முன்பணத்துக்கு மூன்று மாத வாடகையைப் பொது வரம்பாக வைத்திருக்கிறது. நடப்பிலோ பத்து மாத வாடகை கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நாள் கூலிக்காரரால் வாடகையைக் கூடக் கொடுத்துவிட முடியும், அந்த மொத்தத் தொகையைப் புரட்டத்தான் முடியாது. இன்னொன்று, வீட்டு உரிமையாளரின் கேள்விகள். இதுக்கு முன்னாடி எங்க இருந்தீங்க, எத்தனை பேரு, ஆதார்ல என்ன அட்ரஸ்? பிளாட்பாரம் என்ற பதில் வந்ததும் வீடு வேறொருவருக்குப் பேசி முடித்ததாகிவிடும். முகவரி இல்லாததால் வீடு இல்லை. வீடு இல்லாததால் முகவரி இல்லை. ரேஷன் அட்டையும் வங்கிக் கணக்கும் இந்த இழுபறியில்தான் மாட்டிக்கொள்கின்றன.

அன்னதானம் செய்வதும் போர்வை கொடுப்பதும் நல்ல காரியங்களே. அந்த இரவின் பசியையும் குளிரையும் அவை போக்கும். ஆனால் அதே பணத்தில் நாலு நண்பர்கள் சேர்ந்து ஒரு குடும்பத்தின் அட்வான்ஸைக் கட்டிவிட்டால், அந்தக் குடும்பம் தெருவைவிட்டே எழுந்துவிடும். களத்தில் வேலை செய்யும் தொண்டு நிறுவனங்களுக்கு எந்தக் குடும்பம் தயாராக இருக்கிறது என்பது தெரியும். அவர்களிடம் கேளுங்கள். தெருவில் ஆதரவற்றுக் கிடக்கும் ஒருவரைப் பார்த்தால் மாநகராட்சியின் 1913 எண்ணுக்குச் சொல்லுங்கள். உங்கள் தெருவில் காப்பகம் வருகிறது என்றால் எதிர்த்து மனுக் கொடுக்காதீர்கள். சொந்த வீட்டில் ஒரு போர்ஷன் காலியாக இருப்பவர்கள், மூன்று மாத அட்வான்ஸில், அந்தத் தொண்டு நிறுவனத்தைச் சாட்சியாக வைத்து ஒப்பந்தம் எழுதி, ஒரு தெருவோரக் குடும்பத்துக்கு வாடகைக்குக் கொடுங்கள்.