பதினாறு பட்டன்... பத்து ராகம்!

‘எலெக்ட்ரானிக் மியூஸிக்’ என்றாலே நம்மூர்ப் பெரியவர்கள் காதைப் பொத்திக்கொள்வார்கள். “டொங்கு டொங்குன்னு ஒரே சத்தம்! இதுல பாட்டு எங்கப்பா இருக்கு?” என்பார்கள்.

நியாயமான கேள்வி. பதிலுக்கு லண்டன், சிகாகோ என்று அலைய வேண்டாம். பம்பாய் வரை போனால் போதும்.

சரண்ஜித் சிங் என்று ஒருவர். ஹிந்திப் படப் பாடல்களுக்கு, இசையமைப்பாளர்களுக்குப் பின்னால் உட்கார்ந்து கிடார் வாசித்தவர். 1982-ல் ஜப்பான் ரோலண்ட் கம்பெனியின் மூன்று பெட்டிகளை வைத்துக்கொண்டு ஓர் இசைத்தட்டு போட்டார். தாளத்துக்கு டி.ஆர்.808. கீழ் ஸ்தாயிக்கு டி.பி.303. மெட்டுக்கு ஜூபிடர்-8. டிஸ்கோ தாளத்தில் பத்து ராகங்கள்! யமன் உண்டு, அதாவது நம்ம கல்யாணி. மால்கௌன்ஸ் உண்டு, அதாவது நம்ம ஹிந்தோளம்.

விற்றதா? ஊஹூம். சுமார் 28 வருஷம் அதைச் சீண்ட ஆளில்லை.

2010-ல் நெதர்லாந்தில் ஒரு சின்னக் கம்பெனி அதை மறுபடி வெளியிட்டது. கேட்டவர்கள் ஆடிப்போனார்கள். காரணம் இருக்கிறது. சிகாகோ இளைஞர்கள் சிலர் அதே டி.பி.303-ஐத் திருகித் திருகி 1987-ல் ‘ஆசிட் டிராக்ஸ்’ வெளியிட்டார்கள். ‘ஆசிட் ஹவுஸ்’ என்ற இசையே அங்கேதான் பிறந்தது என்று உலகம் எழுதி வைத்திருந்தது. நம்மாள் ஐந்து வருஷம் முந்தி! எழுபது வயதைத் தாண்டி ஐரோப்பிய மேடைகளில் கைதட்டு வாங்கிவிட்டு, 2015-ல் கண்ணை மூடினார்.

பைசா செலவில்லாமல்...

“பெட்டிக்கு எங்க போறது ஸார்?” என்று கேட்கும் தம்பிகளுக்கு ஒரு நல்ல சேதி. எல்.எம்.எம்.எஸ். என்ற கம்ப்யூட்டர் புரோகிராம் இலவசம். அதற்குள்ளேயே டி.பி.303 மாதிரி குரல் கொடுக்கும் கருவி ஒன்று இருக்கிறது. சவுண்டை வெட்டி ஒட்ட ஆடாசிட்டி, அதுவும் இலவசம். கம்ப்யூட்டர் இல்லையா? செல்போனிலேயே பேண்ட்லேப். குழந்தைகளுக்கு கூகுளின் சாங் மேக்கர். கட்டத்தைத் தொட்டால் கலர் வரும், கூடவே ஸ்வரமும் வரும்.

அந்தக் கட்டம்தான் விஷயமே. டி.ஆர்.808 பெட்டியில் வரிசையாகப் பதினாறு பட்டன். எந்தெந்தப் பட்டனை அமுக்குகிறோமோ, அந்தந்த இடத்தில் அடி விழும். பதினாறு முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து. ஆதி தாளத்தின் எட்டு அட்சரத்தை இரண்டிரண்டாகப் பிரித்தால் என்ன வரும்? அதே பதினாறு!

பி.காம். படித்த எனக்குக் கணக்குப் புத்தகம் ஞாபகம் வருகிறது. குடியாத்தத்துக்காரர்களுக்கு லுங்கி ஞாபகம் வரவேண்டும். இத்தனை இழை நீலம், இத்தனை இழை வெள்ளை, நடுவே இரண்டு சிவப்பு, மறுபடி நீலம் என்று எண்ணிப் பாவு போட்ட ஊர் ஆயிற்றே! பட்டன் வரிசைக்கும் அதே எண்ணிக்கைதான். ‘டைடல் சைக்கிள்ஸ்’ என்ற இலவச இசைப் புரோகிராமை உருவாக்கிய இங்கிலாந்துக்காரர் அலெக்ஸ் மெக்லீன், பழங்கால நெசவு பற்றிய ஆராய்ச்சியிலும் சேர்ந்து வேலை பார்த்தவர். தறிச் சத்தம் கேட்டு வளர்ந்த பிள்ளைக்குப் பாதிப் பாடம் வீட்டிலேயே முடிந்துவிட்டது என்று சொல்லலாம்.

ஓசியில் ஒரு சிக்கல்

இந்தப் புரோகிராம்களோடு ஆயத்த சத்தங்களும் வருகின்றன. ஒரே டிரம்ஸ், ஒரே கைதட்டல். பெர்லின் பையனும் பேரணாம்பட்டு பையனும் அதையே எடுத்து ஒட்டினால், இரண்டு பாட்டுக்கும் பெயரை மாற்றி வைத்தாலும் யாருக்கும் தெரியாது. சரண்ஜித் சிங்கை 28 வருஷம் கழித்தும் தேடிப் பிடித்தது அந்த மூன்று பெட்டிகளுக்காக அல்ல. பெட்டி காசு கொடுத்தவருக்கெல்லாம் கிடைத்தது. அதற்குள் அவர் போட்ட ராகம்தான் அவருடையது.

நம்மிடம் போட என்ன இருக்கிறது? வைகாசி முதல் நாள் கெங்கையம்மன் சிரசு ஊர்வலத்தில் நின்று பாருங்கள். அந்த மேளமும் பம்பையும் எந்த ஆயத்தப் பட்டியலிலும் கிடைக்காது. ஒரு செல்போன் போதும், பதிவு செய்ய.

ஆனால் தம்பி, பதிவு செய்யுமுன் பம்பைக்காரரிடம் ஒரு வார்த்தை கேள். அவர் கைக்கு ஏதாவது கொடு. பாட்டுக்குக் கீழே அவர் பெயரையும் போடு. இலவசம் என்று எழுதியிருப்பது புரோகிராமுக்குத்தான். வெயிலில் நாள் முழுக்க அடித்துக் கை காய்த்துப்போனவர் அந்த விளம்பரத்தில் சேர்த்தி இல்லை.

பெயர் போட்டால் இன்னொரு லாபமும் உண்டு. டொங்கு டொங்கு என்று முகம் சுளிக்கும் அதே பெரியவர், “அட, இது நம்ம ஊர் அடி மாதிரி இருக்கே!” என்று கிட்டே வந்து உட்காருவார். அப்புறம் அவரை எழுப்பி அனுப்புவது உங்கள் பாடு!