நகர்ப்புறக் காடு வளர்ப்பு

நகர்ப்புறக் காடு வளர்ப்பு என்பது ஊருக்கு வெளியே புதிதாகக் காடு உண்டாக்குவதன்று. சாலையோரம், பள்ளி வளாகம், குளக்கரை, வீட்டு முற்றம் என ஊருக்குள் நிற்கும் மரங்கள் அனைத்தையும் ஒரே காடாகக் கருதி நட்டுப் பேணுவதாகும்.

காங்கிரீட்டும் தார்ச்சாலையும் பகல் வெயிலை உள்வாங்கி இரவில் வெளிவிடுவதால் நகரம் சுற்றுப்புறத்தைவிடச் சூடாக இருக்கிறது. இதனை நகர வெப்பத் தீவு என்பர். மரங்கள் நிழல் தருவதோடு, இலைகள் வழியே நீராவியை வெளிவிட்டுக் காற்றையும் குளிர்விக்கின்றன. வேர்கள் மழைநீரை மண்ணுக்குள் இறக்குவதால் வெள்ளமும் தணிகிறது.

ஆனால், புயலில் அந்த மரமே சாய்ந்துவிட்டால்? 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது ஆயிரக்கணக்கான மரங்கள் விழுந்தன. விரைவில் நிழல் தருமென்று நடப்பட்ட குல்மோகர், இயல்வாகை போன்ற அயல் மரங்கள் அவற்றுள் மிகுதி. அதனால் நாட்டு மரங்களையே நட வேண்டும் என்ற கருத்து வலுத்தது. அது சரியே, ஆயினும் பாதி உண்மைதான். அடிமரம் வரை காங்கிரீட் போட்டு, கேபிளுக்கும் வடிகாலுக்கும் வேரை வெட்டி, மின்கம்பிக்காக ஒரு பக்கக் கிளைகளை மட்டும் கழித்தால் வேப்பமரமும் சாயும். அடுத்த ஆண்டு நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் குமரி மாவட்டத்தைத் தாக்கியபின், இரணியலில் எங்கள் தெருவில் விழுந்த மரத்தின் குழியை எட்டிப் பார்த்தேன். ஓடைச் சுவர் கட்டிய பக்கத்தில் வேரே இல்லை. மரத்தைச் சுற்றி ஒரு மீட்டர் அளவுக்குக் காங்கிரீட்டை அகற்றுமாறு தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013-லேயே டெல்லிக்கு உத்தரவிட்டிருந்தது.

சென்னை மாநகராட்சி 2020-இல் கோட்டூர்புரத்தில் மியாவாக்கி முறையில் குறுங்காடு அமைத்தது. பலவகை நாட்டு மரக்கன்றுகளை நெருக்கி நட்டால், ஒளிக்குப் போட்டியிட்டு விரைந்து உயரும். ஜப்பானியத் தாவரவியலாளர் அகிரா மியாவாக்கி இதற்குத் தம் நாட்டுக் கோயில் தோப்புகளை முன்மாதிரியாகக் கொண்டார். நம் பக்கத்துக் காவுகளும் அத்தகையவையே. எனினும், வேலிக்குள் நிற்கும் குறுங்காடு நடந்து செல்பவருக்கு நிழல் தராது. அதற்குச் சாலையோர மரமே வேண்டும்.

தமிழகத்தின் பரப்பில் 33 விழுக்காட்டைப் பசுமையாக்கும் இலக்குடன் பசுமைத் தமிழ்நாடு இயக்கம் 2022 செப்டம்பரில் தொடங்கப்பட்டது. வீதிக்கு வேம்பு, புங்கு. கடலோரத்துக்குப் புன்னை, பூவரசு. நீர்க்கரைக்கு மருது பொருந்தும். நடுவதற்கு முன் மேலே மின்கம்பியும் கீழே குழாயும் செல்கின்றனவா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். கன்றுக்கு இட்ட கம்பிக்கூண்டைத் தண்டு பருக்கத் தொடங்கியதும் கழற்றிவிட வேண்டும். இல்லாவிட்டால் கம்பி மரத்துக்குள் புதைந்துவிடும்.